மழையில் கரைந்த ‘மாட்டாங்க’

எங்கள் வீட்டில் கத்திச் சண்டை போட்டுப் பயனில்லை. அப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இப்போது உயிரோடு இல்லாத அம்மாவுக்கும் அப்படித்தான். அதனால் நானும் அக்காவும் முதலில் பேசியது கையால். வாய்ப்பேச்சு பிறகு தெருவிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு ஒட்டியது போகவே இல்லை. மூக்கு நுனியில் கோபம் உள்ளவன் நான். நான் என்ன திட்டுகிறேன் என்று அப்பாவுக்குக் கேட்காது, வாய் திறந்து மூடுவது மட்டும் தெரியும். கைப்பேச்சில் ஆளுக்கு ஓர் அடையாளப் பெயர் உண்டு. அவர் எனக்கு வைத்த பெயர் ‘வாய்’. ஐந்து விரலையும் குவித்துத் திறந்து மூடினால் அது நான்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஏதோ பிழைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அக்காவைப் பற்றி. அப்பாவை யாராவது ‘ஊமை’ என்று சொன்னால் நான் நேரே சட்டையைப் பிடிப்பேன். அக்கா பிடிக்க மாட்டாள். “அவரு பேசிட்டுத்தான் இருக்காரு, உங்களுக்குத்தான் கேக்கலை” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவாள். சொன்னவன் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குச் சட்டையைப் பிடித்ததைவிட நன்றாக இருக்கும்.

அக்கா ஃபைபர் கேபிளுக்கு ஜாயின்ட் போடுகிறவள். தெருவில் கறுப்பாகக் கம்பத்துக்குக் கம்பம் தொங்குகிறதே, அதற்குள் கண்ணாடி இழைகள் இருக்கின்றன. தலைமுடி தடிமன்தான். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறப்பூச்சு. ஒரு முனையில் வெளிச்சத்தை மினுக்கினால் மறுமுனையில் அது பேச்சாகவும் படமாகவும் வந்து சேரும். இழை அறுந்தால் அத்தனையும் நின்றுபோகும். அறுந்த முனைகளைச் சேர்க்க நூல்போல முடிச்சுப் போட முடியாது. பூச்சை உரித்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, முனையைச் சீராக வெட்டி, இரண்டு முனைகளையும் ஒரு சின்ன மெஷினுக்குள் நேருக்கு நேர் வைத்தால், ஒரு பொறி பறந்து கண்ணாடியும் கண்ணாடியும் உருகி ஒன்றாகும். பிறகு அந்த இடத்தின்மேல் ஸ்லீவ் என்கிற மெல்லிய குழாயை நகர்த்திச் சூடாக்கினால் அது சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவுதான் வேலை என்று சொல்லிவிடலாம். செய்து பார்த்தால்தான் தெரியும்.

அப்பாவின் தொழில் ஜன்னலுக்கும் படச் சட்டத்துக்கும் கண்ணாடி வெட்டுவது. மலைக்கு அந்தப் பக்கம் கடற்கரை ஊரில் அவருடைய கடை. அவர் ஆளுயரத்துக்கு வெட்டுகிறார், மகள் மயிரிழைக்கு வெட்டுகிறாள். குடும்பத்திலேயே கண்ணாடியைத் தொடாதவன் நான் ஒருவன். டவரில் ஏறி டிஷ் மாட்டி, எதிர் மலையில் இருக்கும் டிஷ்ஷை நோக்கிக் குறி பார்த்துத் திருப்பி, பேச்சைக் காற்றில் அனுப்புகிறவன். அக்கா இதை வைத்து என்னை ஓட்டாத நாள் கிடையாது. வாக்கைக் காத்துல பறக்க விடுறவன்னு கேள்விப்பட்டிருக்கேன், அதுக்குச் சம்பளம் வாங்குறவனை இப்பத்தான் பார்க்கிறேன் என்பாள். நான் சும்மா இருப்பேனா? உன் கேபிளை ஒரு எலி கடிச்சா ஊரே அடங்கிடும், என் காத்தை எந்த எலி கடிக்கும் என்று கேட்பேன். நடுவில் நியாயம் சொல்ல வருவார் அத்தான். அக்கா சொல்வதுதான் சரி என்பார். அவருக்கு வேறு வழி?

அத்தானுக்குக் கைப்பேச்சில் மூன்றே வாக்கியங்கள் தெரியும். சாப்பிட்டீங்களா, நல்லா இருக்கேன், உடம்பைப் பார்த்துக்குங்க. மூன்றாவதில் கட்டை விரலைத் தப்பாக மடக்குவார். அதனால் அது ‘உடம்பைக் கழுவிக்குங்க’ என்றாகிவிடும். கல்யாணமான நாள் முதலாக மாமனாரைப் பார்க்கும்போதெல்லாம் குளிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பா ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை, பணிவாகத் தலையாட்டுவார்.

உண்மையைச் சொல்வதென்றால், முதலில் அப்பாவை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது என் காற்றுதான். அதற்குமுன் அவரோடு பேச வேண்டுமானால் பஸ் ஏறி மலையைத் தாண்டிப் போக வேண்டும். போன் இருந்தும் அவருக்கு உதவாது. எழுதி அனுப்பலாம் என்பீர்கள். எழுத்து அவருக்கு மாற்றான் மொழி மாதிரி. கடைக் கணக்குக்குப் போதும், மனசுக்குப் போதாது. மலை உச்சி டவரில் நான் டிஷ்ஷை மாட்டி, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் அந்த ஊரோடு சேர்த்தேன். கேபிள் போட்டிருந்தால் காடு வெட்டவே மாதக்கணக்காகியிருக்கும். அன்று சாயங்காலம் அக்காவின் போனில் அப்பாவின் முகம் வந்தது. அவர் கையைத் தூக்கிப் பேசியதும் அக்கா அழுதாள். நான் டவரையே என் சொந்தப் பணத்தில் கட்டினவன் போலக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

மழை வந்ததும் காலர் இறங்கிவிட்டது. தடித்த மழையில் காற்றுவழி சிக்னல் கரையும். அப்போது எங்கள் மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சந்தைக்கூட்டத்தில் நாம் நாலே வார்த்தையை நிறுத்திச் சொல்வது போல. வாய்ப்பேச்சு சின்னச் சரக்கு, அதிலும் தப்பித்துப் போய்விடும். கைப்பேச்சுக்குப் படம் ஓட வேண்டும். படம் ஒரு கணம் நின்றால் அப்பாவின் விரல் அந்தரத்தில் நிற்கும், பாதிச் சொல்லைப் பார்த்துக்கொண்டு நாம் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு மலைப்பாதை ஓரமாகக் கம்பம் நட்டு ஃபைபர் வந்தது. அந்த வழியில் உள்ள ஜாயின்ட் பெட்டிகளில் முக்கால்வாசி அக்கா போட்டது. என் டிஷ் அன்றுமுதல் மாற்று வழி ஆனது. கேபிள் அறுந்தால் மட்டும் அது வேலை செய்யும்.

அக்கா வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். வேனின் பின்பக்கத்தில் ஒரு கறுப்புத் துணியை விரிப்பாள். வெட்டி விழும் கண்ணாடித் துணுக்கு கறுப்பில்தான் கண்ணுக்குத் தெரியும், இல்லையென்றால் விரலில் ஏறிவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாள். ஜாயின்ட்டில் எவ்வளவு வெளிச்சம் வீணாகிறது என்று மெஷின் ஓர் எண்ணைக் காட்டும். ஆபீஸ் இவ்வளவு வரை போகலாம் என்று ஓர் எல்லை வைத்திருக்கிறது. அந்த எல்லைக்குள் இருந்தாலும் அக்காவுக்குப் பிடிக்காவிட்டால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போடுவாள். கூட இருப்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். ஒருவர் வாய்விட்டே கேட்டுவிட்டார், எதற்கு இந்தப் பிடிவாதம் என்று. “எங்கயோ ஒருத்தரோட கை பாதியில நின்னுடும்” என்றாள். அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது.

அப்பாவின் கண் கெட்டுக்கொண்டிருந்ததை முதலில் கண்டுபிடித்ததும் அக்காதான். பேசும்போது நம் கை திரையின் ஓரத்துக்குப் போனால் அவர் விட்டுவிடுகிறார் என்று கவனித்தாள். கேட்டால் வெளிச்சம் சரியில்லை என்றார், மூக்குக்கண்ணாடி பழசு என்றார். இழுத்துக்கொண்டு போய்க் காட்டினால், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி வலது கண் போயே போய்விட்டது என்றார்கள். இடது கண்ணில் ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற அளவுக்குத்தான் மிச்சம். நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே கத்தினேன், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று. யாருக்குக் கத்தினேன்? அவர் ‘வாய்’ ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து, கைகளை நெஞ்சுக்கு அருகில் சின்னதாக வைத்து, அந்தக் குழாய்க்குள் அடங்குகிற மாதிரி பேச ஆரம்பித்தாள். அன்று முதல் அவரோடு அப்படித்தான் பேசுகிறோம்.

இடது கண்ணும் போனால் அப்பாவுக்கு இருட்டு மட்டும் வராது, எங்களோடு உள்ள பேச்சே நின்றுபோகும். காது ஏற்கெனவே இல்லை. அக்காவுக்கு அது இன்னும் பெரிய அடி. அவள் அத்தானிடம் சொல்லாததை, என்னிடம் சொல்லவே சொல்லாததை, அப்பாவிடம் சொல்வாள். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்காருவாள். கை ஓடும், தோள் குலுங்கும், அவளே சிரித்துக்கொள்வாள். அவளுக்கு அதுதான் தாய்மொழி.

அறுவை செய்தால் மிச்சமுள்ள பார்வையை நிறுத்திவைக்கலாம் என்றார்கள். அந்தக் கடற்கரை ஊர் ஆஸ்பத்திரிக்குக் கண் அறுவை செய்கிற டாக்டர் அம்மா வெளியூரிலிருந்து எப்போதாவதுதான் வருவார். இந்த முறை விட்டால் அடுத்த வருகைக்குள் கண் தாங்காது என்று அவரே சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அந்த ஆஸ்பத்திரி என்றாலே உதறல். அவருடைய தொழில் கூட்டாளி ஒருவருக்குக் கண்ணில் கண்ணாடிச் சில் பாய்ந்து, அங்கேதான் கண்ணையே எடுத்தார்கள். தன் கண்ணையும் எடுத்துவிடுவார்கள் என்று அவருக்குள் ஊறிப்போயிருந்தது. நான் பக்கத்தில் இருந்து சொல்கிறேன், அதுவரை யாரையும் தொட விடாதீர்கள் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். அறுவையன்று காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியும்விட்டாள்.

பஸ் மலை உச்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றது. மழையில் மலைச்சரிவு ஒரு பக்கமாக வழிந்து ரோட்டை மூடியிருந்தது. மூடும்போது கம்பங்களையும் இழுத்துக்கொண்டு போயிருந்தது, கேபிள் அறுந்து தொங்கியது. பஸ்ஸில் இருந்தவர்கள் ரோட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்கள், அக்கா கேபிளைப் பார்த்தாள். ஆபீஸிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தபோது அவள் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் வேனில் அவளுடைய மெஷினையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனேன். போகும் வழியில் உச்சி டவரில் ஏறி, காற்றில் அசைந்திருந்த டிஷ்ஷை இறுக்கிவிட்டுத்தான் இறங்கினேன். கடற்கரை ஊருக்கு அந்நேரம் இருந்த ஒரே வழி அதுதான். போலீஸ், பேங்க், ஆஸ்பத்திரி எல்லாம் அந்த ஒற்றைக் காற்றுவழியில் முண்டியடித்துக்கொண்டிருந்தன.

ஆட்கள் சரிவுக்கு மேலே ஏறிச் சுற்றிப் புதுக்கேபிள் இழுத்தார்கள். அந்தப் பக்க முனையைக் கடற்கரை ஊர் ஜாயின்ட்காரர் பார்த்துக்கொண்டார். இந்தப் பக்கம் அக்கா. கேபிள் வந்து சேரும்வரை அவளுக்குக் கையில் வேலை இல்லை. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் கூப்பிட்டார். டாக்டர் தயாராகிவிட்டார், அப்பா யாரையும் கிட்டே விடவில்லை, நீங்கள் எப்படியாவது பேசுங்கள் என்றார். அக்கா வேனுக்குள் போனைச் சாய்த்து வைத்து வீடியோவைப் போட்டாள். படம் வந்தது, என் டிஷ் வழியாகத்தான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்பா முகம் கட்டம் கட்டமாக இருந்தது. கண்ணை எடுக்கத்தானே போகிறார்கள் என்று கேட்டார். அக்கா பொறுமையாகச் சொன்னாள். கண்ணில் ஒரு சின்ன வெட்டு, தேங்கிய நீருக்கு வழி, கண்ணை எடுக்க மாட்டாங்க. எங்கள் கைப்பேச்சிலும் தமிழைப் போலத்தான், மறுப்பு கடைசியில் வரும். முதலில் கண்ணைக் காட்டி, விரல்களைக் கொக்கியாக மடக்கி வெளியே இழுக்க வேண்டும், அது ‘எடுப்பது’. பிறகு கையை விரித்துக் குறுக்கே ஒரு வீச்சு, அது ‘மாட்டாங்க’. அக்கா இரண்டையும் செய்தாள், நான் பார்த்தேன். மழை ஓங்கி அடித்தது. படம் நின்றது. எங்கள் பக்கம் கடைசியாக வந்து நின்ற படத்தில் அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

உடனே நர்ஸ் போனில் வந்தார். குரல் கணீரென்று வந்தது, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். “உங்க கை கண்ணைப் பிடுங்குற மாதிரி வந்துச்சுங்க. அப்படியே படம் நின்னுடுச்சு. அதைப் பார்த்துட்டு அவரு கண்ணை மூடிட்டாரு.” தட்டிப் பார்த்தார்கள், உலுக்கிப் பார்த்தார்கள், அவர் திறக்கவில்லை. காது கேட்பவர் கண்ணை மூடினால் தூங்குகிறார் என்று அர்த்தம். எங்கள் அப்பா கண்ணை மூடினால் கதவைச் சாத்தித் தாழ் போட்டார் என்று அர்த்தம். பெற்ற மகளே கண்ணை எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டாள், இனி யாரிடம் என்ன பேச்சு? நான் திரும்பத் திரும்ப வீடியோவை அழுத்தினேன், வானத்தைத் திட்டினேன், டிஷ் செய்த கம்பெனியைத் திட்டினேன். அக்கா நர்ஸிடம் டாக்டர் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்று மட்டும் கேட்டாள். மற்றவர்களை முதலில் முடித்துவிட்டு இவரைக் கடைசியாக வைத்துக்கொள்கிறேன், அதற்குமேல் என்னால் முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

புதுக்கேபிள் முனை வேனுக்கு வந்து சேர்ந்தது. அந்த ஊர் முழுவதையும் எழுப்ப இரண்டு இழைகள் போதும், ஒன்று போக, ஒன்று வர. நீலமும் ஆரஞ்சும். மற்ற நிறங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நீலத்தை உரித்தாள், துடைத்தாள், வெட்டினாள், மெஷினில் வைத்தாள். பொறி பறந்தது. எண் வந்தது, அவளே ஏற்றுக்கொள்கிற எண். நான் ‘அப்பாடா’ என்றேன். அவள் மெஷின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் நானும் பார்த்தேன். இழையில் ஸ்லீவ் இல்லை.

இந்தத் தப்பைச் செய்ய ஜாயின்ட்காரர்களால் மட்டும்தான் முடியும். ஸ்லீவை ஒட்டுவதற்குமுன் ஒரு பக்க இழையில் கோத்துவிட வேண்டும். ஒட்டியபின் நுழைக்க முனையே கிடையாது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் மறப்பார்கள், மறந்தவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்பது எழுதாத சட்டம். அக்கா குடித்த ஓசி டீயை அளந்தால் ஒரு தொட்டி நிறையும். பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் அன்று பதறிவிட்டாள். அங்கே நின்ற ஒருத்தரும் டீயைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நான்தான் திறந்தேன். நம்பர் நல்லா இருக்கு, மேல ஒரு டேப்பைச் சுத்திப் பெட்டிக்குள்ள வை, அப்பாகிட்ட பேசி முடிக்கிற வரைக்கும் தாங்கினா போதும், அப்புறம் உன் இஷ்டப்படி மாத்திக்கோ என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

“தாங்காதுடா. வெறும் கண்ணாடி. பெட்டியில வளைச்சு வைக்கிறப்பவே முறிஞ்சிடும்” என்றாள். “அவரு ஒரு தடவைதான் கண்ணைத் திறப்பாரு. அப்பவும் பாதியில நின்னா, மறுபடி திறக்க மாட்டாரு.”

சொல்லிக்கொண்டே தான் போட்ட நல்ல ஜாயின்ட்டை வெட்டினாள். வெட்டிய துண்டைக் கறுப்புத் துணியில் ஓரமாக வைத்தாள். ஸ்லீவை எடுத்துக் கோத்தாள். மறுபடி உரித்து, துடைத்து, வெட்டி, வைத்தாள். நீலம் முடிந்தது, ஸ்லீவ் சூடேறிச் சுருங்கியது. ஆரஞ்சு முடிந்தது. ஒன்றிலும் அவசரம் தெரியவில்லை. என்னை வேலையிலிருந்து தூக்கினாலும் பரவாயில்லை, இதைச் சொல்லாமல் இருக்க மாட்டேன்: டவர் உச்சியில் புயலில் தொங்கியிருக்கிறேன், ஆனால் அந்த இரண்டாவது நீலத்தைப் போட என்னால் ஆகாது. என் கை கேட்காது. அவள் கை கேட்டது.

இரண்டு இழைகளையும் பெட்டிக்குள் வளைத்து வைத்து மூடியதும் கடற்கரை ஊர் ஆபீஸிலிருந்து வெளிச்சம் வந்துவிட்டது என்றார்கள். அக்கா நர்ஸைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள், அறை விளக்கை அணைத்து அணைத்துப் போடுங்கள் என்று. எங்கள் வீட்டில் அப்பாவைக் கூப்பிட அதுதான் வழி. மூடிய இமைக்குள்ளும் அது தெரியும். நர்ஸ் சுவிட்சைத் தட்டினார். அப்பா பழக்க தோஷத்தில் கண்ணைத் திறந்து, யார் கூப்பிட்டது என்று பார்த்தார். எதிரில் திரையில் அக்கா.

இந்த முறை படம் தண்ணீர் போல ஓடியது. அவர் தாடையில் இருந்த நரைமுள்கூடத் தெரிந்தது. அக்கா கைகளை நெஞ்சருகே கொண்டுவந்து சொன்னாள். கண்ணை எடுக்க மாட்டாங்க. அந்தக் கடைசி வீச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை முழுதாகப் போனதை அப்பாவின் பார்வை பின்தொடர்ந்தது. இன்னொரு தடவை சொல் என்றார். சொன்னாள். அப்படியானால் முன்பு ஏன் எடுப்பார்கள் என்றாய் என்று கேட்டார். மழை தின்றுவிட்டது என்றாள். அவர் நம்பினார். மழையின் குணம் எங்கள் குடும்பத்துக்குத் தெரியும்.

போன பார்வை திரும்புமா என்று கேட்டார். போனது போனதுதான் என்றாள். இருப்பது நிச்சயமாக நிற்குமா என்றார். நானாக இருந்தால் நிற்கும் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். அக்கா தெரியாது என்றாள். டாக்டர் நிற்கும் என்று நம்புகிறார், செய்யாவிட்டால் நிற்காது என்பது மட்டும் நிச்சயம் என்றாள். அப்பா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து உற்றுப் பார்த்தார்.

கைப்பேச்சில் நீ, நீங்க என்ற வித்தியாசம் கிடையாது, விரலை நீட்டினால் முடிந்தது. நாங்கள் மனசுக்குள் எப்படிப் பேசுவோமோ அப்படி எழுதுகிறேன்.

“உன் கை நடுங்குது” என்றார் அப்பா.

நான் குனிந்து பார்த்தேன். ஆமாம், விரல் நுனிகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை, மலைக்கு அந்தப் பக்கம் பாதிக்கண்ணோடு இருந்தவருக்குத் தெரிந்தது.

“குளிரா?”

“இல்லைப்பா. பயம்.”

“அறுக்கப்போறது என்னை. உனக்கென்ன பயம்?”

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. மழையால் இல்லை, சிக்னலும் குறையவில்லை, அவளாகத்தான் நிறுத்தினாள்.

“நீங்க கண்ணை மூடிட்டா எனக்குப் பேச ஆளில்லைப்பா.”

 அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நர்ஸ் கையில் கொடுத்தார். எழுந்து நின்று வெட்கப்பட்ட பிள்ளை மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். போறேன், வரேன் என்று இரண்டு சொல் சொன்னார். இரண்டாவதும் முழுதாக வந்து சேர்ந்தது.

அதன்பிறகு அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பச்சையையும் பழுப்பையும் உரிக்க ஆரம்பித்தாள். மிச்ச நிறங்கள் இருந்தனவே. பேங்க்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், நான் அவர்களை நன்றாகத் திட்டினேன். அறுவை முடிந்தது, நல்லபடியாக முடிந்தது, நாளைக்குக் கட்டைப் பிரிப்போம் என்று நர்ஸ் சொன்னபோது அவள் கடைசி ஸ்லீவைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணில் நீர் முட்டியது, துடைக்கக் கை காலியாக இல்லை. நான் என் சட்டைக் கையால் துடைத்துவிட்டேன். சின்ன வயசில் அவள் எனக்கு எத்தனையோ தடவை மூக்கைத் துடைத்துவிட்டிருக்கிறாள், போகட்டும்.

மறுநாள் மண்ணை ஒதுக்கி ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி விட்டதும் இருவரும் போனோம். கட்டைப் பிரித்திருந்தார்கள். கண் சிவந்து வீங்கியிருந்தது. அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, எதிர் ஜன்னல் கண்ணாடியை எவனோ கோணலாக வெட்டியிருக்கிறான் என்று நர்ஸுக்குக் கையால் குறை சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். உண்மையிலேயே கோணல்தான், நானும் பார்த்தேன்.

அக்காவைக் கண்டதும் கட்டிலில் தன் எதிரே, அந்தக் குழாய்ப் பார்வைக்கு நேராக, ஓரிடத்தைத் தட்டிக் காட்டினார். அவள் பையை என்மேல் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். வலிக்கிறதா என்று கேட்கக் கையைத் தூக்கினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார், முதலில் நான் பேசுகிறேன் என்று.

“பேச ஆளில்லைன்னியே. இருக்கேன், பேசு” என்றார்.

அக்கா பேசினாள். சாப்பாட்டு வண்டி வந்து போயிற்று, விளக்குப் போட்டார்கள். நான் இரண்டு பேருக்கும் டீ வாங்கி வந்து வைத்தேன். இரண்டும் ஆறிப்போயின, பேசுகிறவர்களுக்குக் கை காலியாக இருந்தால்தானே.